பின்கோடு கணக்கு பத்தி பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்,

டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாள், கணித தினம் வருதுல்ல, அதுக்கு ஆறாவது ஏழாவது பிள்ளைகள ஒரு பெரிய எண்ணை எடுத்து பகா காரணிகளா அக்குவேறா ஆணிவேறா பிரிச்சுட்டு வாங்கன்னு சொல்லியிருந்தோம். நோட்டை வாங்கிப் பாத்தா பாதிப் பேரு வீட்டு ஆதார் நம்பர், பேங்க் பாஸ்புக் நம்பர்னு எழுதிட்டு வந்திருக்காங்க, ஒரு பையன் ஏடிஎம் பின் நம்பரையே எழுதியிருக்கான் (அது நாலே இலக்கம், பெரிய எண்ணும் கிடையாது). அந்தப் பக்கத்தையெல்லாம் கிழிச்சு அவங்கவங்க கையிலயே குடுத்து விட்டாச்சு. தயவுசெஞ்சு இனிமே அது வேண்டாம்.

நம்ம ராமேஸ்வரம் பின்கோடு 623526 இருக்கே, அதுவே போதும். தபால்காரருக்கு அதுல மொத இலக்கம் 6னா தமிழ்நாடு, கேரளா பக்கம், கடைசி மூணு எந்த போஸ்ட் ஆபீஸ்னு காட்டும், 1972ல வந்த ஏற்பாடு. நமக்கு அது வெறும் ஆறு லட்சத்து இருபத்து மூவாயிரத்து ஐநூத்தி இருபத்தாறு.

கடைசி இலக்கம் 6, அதனால 2ஆல வகுபடும். இலக்கத்தையெல்லாம் கூட்டுனா 24, அதனால 3ஆலயும் வகுபடும். இதுவரைக்கும் எல்லாரும் போட்டுட்டாங்க. 17ல தான் திணறுறாங்க, அதுக்கு ஒரு சுளுவான வழி இருக்கு, கடைசி இலக்கத்தை 5ஆல பெருக்கி மிச்சத்துல கழிச்சுக்கிட்டே வரணும். 62352ல 30 போனா 62322, அப்புறம் 6222, 612, 51. 51ங்கிறது மூணு பதினேழு, ஆக வகுபடுது. கடைசியில 2 × 3 × 17 × 6113ன்னு வந்து நிக்கும்.

6113 பகா எண்ணான்னு எப்படித் தெரியும்னு பிள்ளைங்க கேட்டா, 73 வரைக்கும் உள்ள பகா எண்களால வகுத்துப் பாக்கச் சொல்லுங்க, அடுத்தது 79, அதோட வர்க்கம் 6241, 6113அ தாண்டிருச்சு, அதனால அதுக்கு மேல தேட வேண்டியதில்ல. மொத்தம் 21 வகுத்தல், பொறுமை வேணும், ஆனா போன்ல தட்டி விடைய எடுத்துட்டா இந்த வேலைக்கே அர்த்தமில்ல. போட்டு முடிச்சப்புறம் சரிபாக்க மட்டும் போன் குடுங்க.

ஏழாவதுல ஒரு பொண்ணு பாதி, மூணுல ஒண்ணு, ஆறுல ஒண்ணு மூணையும் கூட்டியிருக்கா, 311763 + 207842 + 103921, அச்சு அசலா 623526 வந்துருச்சு! அந்த எண்ணைத் தவிர மிச்சக் காரணிகளையும் சேத்தா 697098, எண்ணை விட ஜாஸ்தி. இப்படி வந்தா அது மிகை எண். ஆறின் மடங்குகள்ல 6 மட்டும் தன்னைத் தவிர்த்த காரணிகளோட கூட்டுத்தொகைக்கு சரியா நிக்கும், அது நிறைவெண், அதுக்கு மேல வர்ற ஆறின் மடங்கு எல்லாமே மிகை எண்தான், ஏன்னு அவகிட்டயே கேட்டிருக்கேன், யோசிச்சுட்டு வர்றேன்னு போயிருக்கா.

படகு நம்பர் எழுதலாமான்னு ரெண்டு அப்பாமார் கேட்டாங்க. தாராளமா, ஊரறிய படகு மேல எழுதியிருக்குறது தானே. ஆனா அது சின்ன எண், சீக்கிரம் முடிஞ்சிரும், அதனால ரெண்டு படகு நம்பரா போட்டுட்டு வரட்டும். நோட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள கிளாஸ் டீச்சர்கிட்ட வந்து சேரணும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்