தஞ்சைக் கலைக்கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தஞ்சாவூர் அரண்மனையில், பழைய வெண்கலச் சாமி சிலைகள் உள்ள கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்கிறோம்.

"கோயிலில் பார்க்காத சாமியையா அங்கே பார்க்கப்போகிறார்கள்?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாத்தா கேட்டார். நியாயமான கேள்விதான். கோயிலில் உற்சவருக்குப் பட்டும் மாலையும் சாத்தியிருப்பார்கள். திருமுகம் மட்டும் தெரியும். கும்பிட அது போதும், வார்த்தவரின் கைவேலையைப் பார்க்கப் போதாது. மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் வண்டல் மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஓர் அச்சுக்கு ஒரே சிலை.

அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், வெண்கலச் சிலையாக இருக்கிறார். பெரிய கோயில் முடிந்ததற்கு மறு ஆண்டு, 1011-ஐச் சேர்ந்தவர். சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றி, கால்களைக் குறுக்காக வைத்து, ஒரு கையை மடித்து எதன்மீதோ சாய்த்து நிற்கிறார். படத்தை வகுப்பில் காட்டியதும் ஒரு சிறுமி, "சார், கை எதன்மேல் இருக்கிறது?" என்றாள். காளையின்மேல். அந்தக் காளைதான் இன்று இல்லை.

சென்ற ஆண்டு நான் ஒரு தவறு செய்தேன். இருபது கேள்விகள் அடங்கிய தாளைக் கையில் கொடுத்தேன். பிள்ளைகள் பலகைகளில் இருந்ததை எழுதி முடித்தார்கள். சிலையை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த முறை கேள்வித்தாள் கிடையாது. தேவர் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து, இல்லாத அந்தக் காளையை ஆளுக்கொன்று வரைய வேண்டும். அரண்மனை வளாகத்தில் உள்ள திமிங்கில எலும்புக்கூட்டையும் காட்டுவோம். காட்டாமல் திரும்பினால் என்னை விடமாட்டார்கள்.

காலை 8 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து பஸ் புறப்படும். கட்டணத்தைப் பள்ளியே ஏற்கிறது. புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ கட்டிக்கொடுங்கள். தண்ணீர் பாட்டில், பென்சில், அழிப்பான் போதும், கைபேசி வேண்டாம். ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டுப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

வீட்டில் காளையோ பசுவோ இருந்தால், வியாழக்கிழமை மாலை பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்தி, முழங்கை எந்த இடத்தில் சாய்கிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்