மரம் ஏறிய சிறுமி

ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்கச் சிறுகதைகள் பற்றிய கட்டுரை, கதை நடக்கும் ஊரை வெறும் பின்புலம் என்று ஒரு வரியில் கடந்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சாரா ஓர்ன் ஜூவெட் 1886இல் வெளியிட்ட 'வெள்ளைக் கொக்கு' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூவெட் மெய்ன் மாநிலத்துக்காரர். கதைக் களமும் அந்த மண்தான். நெரிசலான ஆலை நகரத்திலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்த ஒன்பது வயதுச் சில்வியாவுக்கு ஒரு மாடுதான் கூட்டாளி. அந்த மாடோ, மணி ஒலித்தால் அகப்பட்டுவிடுவோம் என்று புதருக்குள் அசையாமல் நிற்கும் கள்ளி! கொக்கின் கூட்டைக் காட்டினால் பத்து டாலர் தருவதாகச் சொல்கிறான் பறவை வேட்டைக்கு வந்த இளைஞன். ஏழை வீட்டில் அது பெரிய பணம். விடியுமுன் அவள் உயர்ந்த பைன் மரத்தின் உச்சிக்கு ஏறி, வாழ்வில் முதன்முறையாகக் கடலைப் பார்க்கிறாள். கூட்டையும் கண்டுவிடுகிறாள். கிழிந்து பிசின் படிந்த பாவாடையோடு திரும்புகிறவள், பாட்டி அதட்டியும் வாய் திறக்கவில்லை.

ஆலை நகரத்திலேயே இருந்திருந்தால் சொல்லியிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

வாசகர்,
கோவை