சின்னம்மாவுக்கு, ஒஹாயோவிலிருந்து

அன்புள்ள சின்னம்மா,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். நீங்கள், சித்தப்பா, தங்கச்சி, பிள்ளைகள் எல்லாரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் காணாமல் போன தம்பியின் பேச்சு வந்தவுடன் நீங்கள் அழத் தொடங்கிவிடுவீர்கள், எனக்கும் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன். தங்கச்சி வாசித்துக் காட்டட்டும், அவசரமில்லை.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இருக்கிற ஆண்களில் கனபேர் பழைய ஆமிக்காரர், வியட்நாமில் சண்டை பிடித்தவர்கள், ஒன்றிரண்டு பேர் கொரியாவுக்கும் போனவர்கள். ஆமி என்றாலே எங்களுக்கு வயிறு கலங்குமே, வந்த புதிதில் அவர்களுடைய தொப்பியைக் கண்டாலே ஒதுங்கித்தான் நடப்பேன். இப்போது அவர்களுக்குச் சோறு தீத்திவிடுகிறேன், மருந்து எடுத்துக் கொடுக்கிறேன்.

செப்டெம்பர் மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை இங்கே ஒரு விசேஷமான நாள். போர்க்கைதிகளாகப் பிடிபட்டவர்களையும் போரில் போய் இன்னும் திரும்பாத படையினரையும் நாடு முழுக்க நினைக்கிற நாள், 1979 இலிருந்து நடக்கிறது. அன்றைக்குச் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு சின்ன வட்ட மேசை போட்டு, அதில் யாரையும் இருத்தாமல் விடுவார்கள். இந்தமுறை அந்த மேசையை அடுக்குகிற வேலை எனக்கு வந்தது. வெள்ளை விரிப்பு, ஒரு சிவப்பு ரோசாப்பூ, ஒரு மெழுகுதிரி. கோப்பையில் ஒரு துண்டு தேசிக்காய், அது அவர்களுக்கு நேர்ந்த கசப்புக்கு. பக்கத்தில் கொஞ்சம் உப்பு, அது வீட்டுக்காரரின் கண்ணீருக்கு. தண்ணீர்க் கிளாசைக் கவிழ்த்து வைக்க வேண்டும், ஏனென்றால் அவர்களால் எங்களோடு குடிக்க முடியாது. கதிரையில் யாரும் இல்லை. நான் பழக்கதோஷத்தில் கிளாசை நிமிர்த்தி வைக்கப் போக, சக்கர நாற்காலியில் இருந்த ஒரு ஐயா கையை நீட்டித் தடுத்து, தானே அதைக் கவிழ்த்து, விளிம்பு விரிப்பின் மடிப்போடு நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அவருடைய கூட்டாளி ஒருவர் லாவோசில் விமானத்தோடு போனவராம், இன்றைக்கும் எலும்பு கூடக் கிடைக்கவில்லை.

எனக்கு உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது. தம்பிக்கு அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் கொடுக்கவில்லை என்று எத்தனை சொந்தக்காரர் உங்களோடு முகத்தை முறித்தார்கள். ஒரு கந்தோரில் மரணச் சான்றிதழை எடுத்தால் காசு தரலாம் என்று சொன்னபோது நீங்கள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வந்ததையும் தங்கச்சி சொன்னாள். இங்கே ஒரு பெரிய நாடே, செத்தார் என்றும் சொல்லாமல் இருக்கிறார் என்றும் சொல்லாமல், ஒரு கதிரையை வெறுமையாக விட்டுவைக்கிறது, அதை யாரும் விசர் என்று சொல்வதில்லை. நீங்கள் பிடிவாதக்காரி இல்லை, சின்னம்மா.

ஆனால் இது அரசாங்கம் தானாக மனமிரங்கிச் செய்த காரியம் என்று நினைக்க வேண்டாம். 1970 ஜனவரியில் மேரி ஹொஃப் என்ற பெண்ணின் கணவர், கடற்படை விமானி, லாவோஸ் பக்கம் காணாமல் போனார். அவரைப் போன்ற பெண்கள் சேர்ந்துதான் சங்கம் வைத்து, கதவு கதவாகத் தட்டி, தங்களுக்கென்று ஒரு கொடியும் செய்வித்தார்கள். கறுப்புக் கொடி, அதில் தலை குனிந்த ஒரு மனிதனின் நிழல், பின்னால் காவல் கோபுரமும் முட்கம்பியும், கீழே ‘உங்களை மறக்கவில்லை’ என்று எழுதியிருக்கும். அதை வெள்ளை மாளிகையிலும் தபால் கந்தோர்களிலும் தேசியக் கொடி ஏறுகிற நாளெல்லாம் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்ததே 2019 இல்தான். உங்களுக்குப் பார்சல் போடப் போகிறபோதெல்லாம் அதைக் காண்கிறேன். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுக் குந்திய தாய்மார் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், சில பேர் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. இவர்கள் தேடுவது ஆயுதம் எடுத்துப் போன தங்கள் படையினரை, எங்கள் தம்பி ஏ/எல் புத்தகத்தோடு நின்றவன், 96 இல் சுற்றிவளைப்பில் வீட்டு வாசலில் வைத்துக் கொண்டுபோகப்பட்டவன். 2009 இல் போர் முடியும்போது வட்டுவாகலில் ஆமியிடம் கையால் பிடித்துக்கொடுத்த பிள்ளைகளைக் கேட்கிற தாய்மாரின் கதை இன்னொன்று. வியட்நாம்காரரிலும் இலட்சக்கணக்கானோர் காணாமல் போனார்கள், அவர்களுக்கு இந்த மேசையில் இடமில்லை, அது எனக்கு உறுத்துகிறது. எங்கள் நாட்டில் 2016 இல் வந்த காணாமல் போனோர் அலுவலகச் சட்டத்தில் போரில் காணாமல் போன படையினரும் அடங்குகிறார்கள். அப்படியென்றால் தெற்கில் ஒரு சிங்களத் தாயும் இதே கேள்வியோடுதான் இருக்கிறாள், அதையும் நான் அடிக்கடி யோசிப்பேன்.

வாஷிங்டனில் வியட்நாம் போருக்கு ஒரு கறுப்புக் கல் சுவர் இருக்கிறது, 58,000 பேருக்கு மேல் பெயர் வெட்டியிருக்கிறார்கள். செத்தது உறுதியானவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வைர வடிவம், காணாமல் போனவருக்கு ஒரு சிலுவை. எலும்பு கிடைத்து ஆள் யாரென்று தெரிந்தால் சிலுவையின் மேல் வைரத்தை வெட்டுவார்கள். உயிரோடு வந்தால் சிலுவையைச் சுற்றி ஒரு வட்டம் என்று வைத்திருக்கிறார்கள். அந்த வட்டம் இதுவரைக்கும் ஒருவருக்கும் வெட்டப்படவில்லை.

சரி, இதை எழுதத் தொடங்கிய காரியத்துக்கு வருகிறேன்.

1941 இல் பேர்ள் ஹாபரில் ஒக்லஹோமா என்ற கப்பல் கவிழ்ந்து 429 பேர் செத்தார்கள். பெரும்பாலானோரை ஆள் அடையாளம் தெரியாமல், எலும்புகளைக் கலந்தபடியே புதைத்துவிட்டார்கள். 2015 இல் அந்தக் குழிகளைத் திரும்பத் தோண்டி, சொந்தக்காரரின் மரபணுவோடு ஒப்பிட்டு, 350 பேருக்கு மேல் இன்னார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எழுபது வருஷத்துக்கு மேல், சின்னம்மா! அந்தப் பையன்களின் தாய்மார் உயிரோடில்லை, ஆனால் சகோதரியின் பிள்ளை, பேரப்பிள்ளை என்று யாரோ ஒருவர் வாய்க்குள் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்திருந்தது உதவியது. தாய்வழியால் மட்டும் வருகிற மரபணு ஒன்று இருக்கிறதாம். அம்மம்மாவிடமிருந்து உங்களுக்கும் அம்மாவுக்கும் வந்தது, உங்களிடமிருந்து தம்பிக்கும் தங்கச்சிக்கும், அம்மாவிடமிருந்து எனக்கு. அப்படிப் பார்த்தால் தம்பியிடம் இருந்தது என்னிடமும் இருக்கிறது. ஆனால் தாய் தகப்பன் இரண்டு பேருடையதும் இருந்தால்தான் மெத்த உறுதி, சித்தப்பாவுக்கு வயது 78.

2025 ஆகஸ்ட் 5 ஆம் திகதி செம்மணிப் புதைகுழியில் எடுத்த சாமான்களைச் சனத்துக்குக் காட்டியபோது நீங்களும் வெயிலில் வரிசையில் நின்றீர்கள் என்று தங்கச்சி சொன்னாள். அந்த நீலப் புத்தகப்பையின் படத்தைப் பார்த்துவிட்டு நான் இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை. அங்கே சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கு மேல் எலும்புக்கூடுகள் வந்துவிட்டன. அதில் தம்பி இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. மரபணு கொடுப்பது அவன் செத்துவிட்டான் என்று கையெழுத்து வைப்பதுமில்லை, இங்கே மாதிரி கொடுத்த குடும்பங்களும் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த எலும்புகளில் ஒவ்வொன்றையும் ‘இது என் பிள்ளை இல்லை’ என்று அடித்துச் சொல்லவும் அதுதான் வேணும்.

அதனால் செம்மணி வழக்கில் யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்தில் தோன்றுகிற சட்டத்தரணி ஒருவரிடம் தங்கச்சியைப் போய்க் கேட்கச் சொல்லுங்கோ, குடும்பங்களின் மாதிரியை எப்போது, எப்படி எடுப்பார்கள் என்று. என்னுடையதும் வேண்டுமென்றால் எந்த நேரமும் தருவேன், லீவு எடுத்து வரவும் தயார். அதோடு தம்பியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: மாமரத்தால் விழுந்து முறிந்தது இடக்கையா வலக்கையா, எந்தப் பல்லு அடைத்தது, அன்றைக்கு என்ன நிறச் சாரம், இடுப்பில் அறுநாக்கொடி இருந்ததா. எனக்குக் கை முறிந்தது ஞாபகம், எந்தக் கை என்று ஞாபகமில்லை. நீங்கள் சொல்ல அவள் எழுதட்டும், எழுதின பக்கங்களைப் படம் பிடித்து வாட்சப்பில் எனக்கும் அனுப்பச் சொல்லுங்கோ, ஒரு பிரதி இங்கேயும் கிடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கட நேரம் பின்னேரம் எடுக்கிறேன். அழுதாலும் பரவாயில்லை, கதைப்போம்.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்