ஆயாக் கொட்டகையை மூடிட்டு அம்மாவை மட்டும் கேள்வி கேட்டா எப்படி?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல மகளிர் பக்கத்துல, அம்மாமார் வேலைக்குப் போகாம வீட்டோட இருந்து பிள்ளை வளர்க்கணும்னு வந்த கட்டுரையைப் பத்தி எழுதுறேன். மலேசியாவுல எங்க கெடா மாநிலத்துல ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூட நாள், அதனால பிள்ளைங்க தூங்குன பிறகுதான் படிச்சேன். எழுதுனவங்க நல்ல மனசோடதான் எழுதியிருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா அந்தக் காலத்துல நம்ம தாய்மார் எல்லாம் வீட்டோட இருந்து பிள்ளை வளர்த்தாங்க இப்பதான் காசு ஆசையில வேலைக்கு ஓடுறாங்கன்னு ஒரு வரி வருது பாருங்க, அங்க எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. எந்தக் காலம், எந்தத் தாய்மார்? தோட்டத்து கிளார்க், கிராணின்னு சொல்லுவோம், அவர் வீட்டு அம்மா இருந்திருப்பாங்க, கடைத்தெருவுல துணிக்கடை வச்சிருந்தவங்க வீட்டு அம்மா இருந்திருப்பாங்க. தோட்டத் தொழிலாளிங்க இருந்த லயத்து வரிசை வீட்டுல அப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்ல.

எங்க அம்மா பீடோங் பக்கம் ஒரு தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவங்க. விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுன்னு ஆள் கணக்கு எடுப்பாங்க, தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு நெரைக்கு, அதான் நமக்கு விட்ட மரவரிசைக்குப் போகணும், வெயில் ஏறிட்டா பால் சரியா இறங்காது. பாட்டியும் அப்படித்தான், பக்கத்து வீட்டு அத்தைங்களும் அப்படித்தான். புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் வெட்டுனாத்தான் வீட்டுல அடுப்பு எரியும், தோட்டமே அந்தக் கணக்குலதான் ஓடுச்சு. அப்ப பிள்ளைங்க எங்க இருந்தோம்னா ஆயாக் கொட்டகையில. அரைத்தூக்கத்துல இருக்கிற பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து அங்க விட்டுட்டுப் போவாங்க, வரிசையா சேலைத் தொட்டில் தொங்கும், பால் நிறுத்து முடிச்சு மத்தியானம் வரும்போது ஒட்டுப்பால் வாடையோட வந்து தூக்கிட்டுப் போவாங்க. அதை ஒன்னும் சொர்க்கம்னு சொல்ல வரல. மரம் வெட்ட முடியாத வயசான பாட்டியைப் பார்த்து ஆயாவாப் போடுவாங்க, ஒரு பிள்ளைக்கு சிரங்கு வந்தா கொட்டகைக்கே வரும். ஆனா ஒன்னு, அம்மா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அது திறந்திருக்கும், வேலை முடியிற வரைக்கும் இருக்கும், நடக்கிற தூரத்துல இருக்கும், நடத்துனது தோட்ட நிர்வாகம்.

அப்புறம் ரப்பர் போயி பாமாயில் எடுக்கிற செம்பனை வந்துச்சு, செம்பனைக்கு அவ்ளோ ஆள் வேணாம், தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தாங்க, தாமான்னு புது வீட்டுக் குடியிருப்பு வந்துச்சு, நாங்க வெளியில வந்தோம். பொம்பளைங்க வேலைக்குப் போறது நிக்கல ஐயா. மரத்துலேர்ந்து மெஷினுக்கு மாறுச்சு, அவ்ளோதான். சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் போற பேக்டரி பஸ்ஸை விடியகாலையில எங்க ரோட்டுல நின்னு பாருங்க, ஏறுறது யாருன்னு தெரியும். நின்னு போனது கொட்டகை ஒன்னுதான்.

இப்ப என் கதை. ஷிப்ட் ஏழுலேர்ந்து ஏழு வரைக்கும், பஸ் ஆறு மணிக்கே வந்துரும். பக்கத்துல இருக்கிற தாஸ்கா, அதான் குழந்தைக் காப்பகம், திறக்கிறதே ஏழு மணிக்கு, சாயங்காலம் ஆறுக்கு மூடிருவாங்க, லேட்டானா தனிக் காசு. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுறார், எந்த நேரம் எந்த ஊர்ல இருப்பார்னு அவருக்கே தெரியாது. தாஸ்காவை நான் குத்தம் சொல்ல மாட்டேன், ஒரு வயசுக்குக் கீழ இருந்தா மூணு பிள்ளைக்கு ஒரு ஆள் வைக்கணும், ஒன்னுலேர்ந்து மூணு வயசுக்கு அஞ்சு பிள்ளைக்கு ஒரு ஆள்னு விதி இருக்கு, அந்த ஆளுங்களுக்கும் சம்பளம் கொடுக்கணும்ல. கை கால் வாய் நோய் வந்துச்சுன்னா பிள்ளையைக் கூட்டிட்டு வராதீங்கன்னு வாட்ஸ்அப்ல மெசேஜ் வரும், அதுவும் நியாயம்தான், ஆனா பிள்ளைக்கு நோவுன்னு எடுக்கிறதுக்கு வேலைச் சட்டத்துல தனியா லீவு கிடையாது, வருச லீவுல கழியும். ரெண்டு வருசம் சர்வீஸ் ஆகாதவங்களுக்கு அந்த வருச லீவே சட்டப்படி 8 நாள்.

அதனால வீட்டுல பெரியவங்க ஒரு கணக்குப் போடுவாங்க, உங்க கட்டுரையிலயும் அதே கணக்குதான் இருந்துச்சு. குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட், அதுல ரெண்டு பிள்ளைக்கு தாஸ்கா காசு, சாப்பாடு, பேம்பர்ஸ் எல்லாம் கழிச்சா கையில என்ன மிச்சம், இதுக்கா போற, பேசாம வீட்டுல இரு. கேக்குறதுக்கு சரியாத்தான் இருக்கும். ஆனா தாஸ்கா காசை ஏன் அம்மா சம்பளத்துல மட்டும் கழிக்கிறாங்க? பிள்ளை அப்பா அம்மா ரெண்டு பேருக்கும்தானே, அப்பா சம்பளத்துல கழிச்சுப் பார்த்து நீ வேலையை விட்டு நின்னுருன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா? இன்னொன்னு, அந்தக் கணக்குல இ.பி.எஃப்., அதான் ஓய்வுகாலச் சேமிப்பு நிதி, வராது. 1,700 சம்பளத்துக்கு நம்ம பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு, ரெண்டும் சேர்த்தா மாசம் 400 ரிங்கிட்டுக்கு மேல நம்ம பேர்ல ஏறுது. வேலையை விட்ட மாசத்துலேர்ந்து அது சைபர். பிள்ளை பெரியாளாகுற வரைக்கும்னு அஞ்சாறு வருசம் நின்னுட்டுத் திரும்பப் போனா மறுபடி புது ஆள் சம்பளம்தான்.

இதைப் படிச்சுட்டு வீட்டுல இருக்கிறவங்களை நான் மட்டம் தட்டுறேன்னு நினைச்சுராதீங்க. எங்க வீட்டு வரிசையிலயே ஒரு அக்கா மூணாவது பிள்ளைக்குப் பிறகு வேலையை விட்டு நின்னவங்கதான். அவங்க சும்மா இருக்காங்களா? காலையில நாசி லெமாக் கட்டி விக்கிறாங்க, பேக்டரிக்குப் போற எங்களை மாதிரி அம்மாமாரோட பிள்ளைங்க மூணு பேரை அவங்கதான் பார்த்துக்கிறாங்க. வெளிப்பிள்ளை நாலு ஆயிட்டா தாஸ்கான்னு பதியணும், அதனால மூணோட நிறுத்திக்கிட்டாங்க. உண்மையைச் சொன்னா எங்க ரோட்டுக்கு இப்ப அவங்கதான் ஆயாக் கொட்டகை, ஆனா இ.பி.எஃப். இல்ல, லீவு இல்ல, ஒன்னும் இல்ல. வருசத்துக்கு 120 ரிங்கிட் கட்டி சொக்சோங்கிற சமூகப் பாதுகாப்பு அமைப்போட இல்லத்தரசி திட்டத்துல சேரலாம், 55 வயசுக்குள்ள இருந்தா போதும், வீட்டு வேலையில விழுந்து அடிபட்டாக்கூட பாதுகாப்பு உண்டுன்னு சொல்லித்தான் சேர வச்சோம். இ.பி.எஃப்.போட ஐ-சாரான் திட்டத்துல நம்மளா போடுற காசுக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, வருசத்துக்கு 500 வரைக்கும் சேர்த்துப் போடுது. புருசனோட 11 விழுக்காட்டுல ரெண்டு விழுக்காட்டை பொண்டாட்டி கணக்குக்கு மாத்துற ஐ-சாயாங்னு ஒன்னும் இருக்கு. வீட்டுல இருங்கம்மான்னு பக்கம் பக்கமா எழுதுறவங்க இதுல ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஆடம்பரத்தைக் குறைச்சா ஒரு சம்பளம் போதும்னு கட்டுரையில வருது. எங்க வீட்டு ஆடம்பரம் வியாழக்கிழமை ராத்திரி ரோத்தி சானாய் டபாவ், அதான் பார்சல், பண்றது, அதையும் நிறுத்திப் பார்க்கலாம், வீட்டு லோனும் மோட்டார் தவணையும் அதுல அடைஞ்சிருமா என்ன. அப்பாமாரைப் பத்தியும் கட்டுரையில மூச்சில்ல. 2023 ஜனவரியிலேர்ந்து அம்மாவுக்கு 98 நாள் பிரசவ லீவு, அப்பாவுக்கு 7 நாள். வேலை நேரத்தை மாத்திக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம், முதலாளி 60 நாளுக்குள்ள பதில் சொல்லணும், மாட்டேன்னா காரணத்தை எழுதிக் கொடுக்கணும்னும் சட்டத்துல இருக்கு. ஆபிஸ்ல உக்கார்றவங்களுக்கு அது உதவும். லைன்ல நிக்கிறவ எட்டு மணிக்கு வரேன்னா மெஷின் காத்திருக்குமா, அதான் எனக்கு நம்பிக்கை இல்ல.

நான் கேக்குறது இதுதான். பேக்டரிக்காரங்க தொழிலாளிங்க பிள்ளைங்களுக்கு தாஸ்கா வச்சா வரியில கழிவு உண்டு, இருந்தும் எங்க பக்கத்துல எத்தனை பேக்டரி வச்சிருக்கு, அது காலையில அஞ்சரைக்குத் திறக்குமா, ராத்திரி எட்டு வரைக்கும் இருக்குமான்னு உங்க நிருபர் ஒருத்தரை அனுப்பி விசாரிச்சுப் போடுங்க. எங்க தாமான் கோயில் மண்டபம் கல்யாணம் இல்லாத நாள்ல பூட்டியே கிடக்கு, அதைப் பத்தி கோயில் கமிட்டி கிட்டயும் கேட்டுப் பாருங்க, நாங்க கேட்டா பொம்பளைங்க சும்மா பேசுறாங்கன்னு விட்டுருவாங்க, பேப்பர்ல வந்தா கொஞ்சம் யோசிப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பீடோங், கெடா.