மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூச்சல் போட்டவர்களுக்கு

1992 அக்டோபர் 16 இரவு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இருந்தவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் இசைத்தட்டு வெளியிடத் தொடங்கி 30 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட அன்று கூடியிருந்தீர்கள். உங்களில் பலருக்கு இப்போது அறுபது, எழுபது வயது இருக்கும். நடுவில் மொட்டைத் தலையோடு 25 வயதுப் பெண் ஒருத்தி மேடையேறியதும் ஊளையிட்டீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். கைதட்டியவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களிடம் எனக்கு வழக்கு எதுவும் இல்லை.

உங்கள் கோபத்துக்குக் காரணம் ஊரறிந்தது. அதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள்தான் அந்தப் பெண், ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானர், 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் நேரலையில் பாப் மார்லியின் 'வார்' பாடலைப் பக்கவாத்தியம் இல்லாமல் பாடி, நடுவில் குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமையைப் பற்றிய சொற்களைச் சேர்த்து, கடைசியில் போப் இரண்டாம் ஜான் பாலின் படத்தைக் கிழித்துப் போட்டிருந்தார். அந்தப் படம் நிகழ்ச்சிக்கென்று கடையில் வாங்கியது இல்லை. அவருடைய அம்மாவின் படுக்கையறைச் சுவரில் தொங்கியது. பிள்ளைகளை அடித்து வதைத்த அம்மா. 1985-ல் அவர் கார் விபத்தில் இறந்த பிறகு மகள் அதைக் கழற்றி எடுத்து ஏழு வருடம் கூடவே வைத்திருந்தார். படத்தைக் கிழித்ததும் சந்தடி இல்லாமல் மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்தார். அந்தக் காணொளியில் எனக்கு ஆச்சரியமே அந்த நிதானம்தான். அடுத்த வாரம் அதே நிகழ்ச்சியில் நடிகர் ஜோ பெஷி, கிழிந்த படத்தை ஒட்டிக் கொண்டுவந்து காட்டி, நானாக இருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன் என்றார். கைதட்டல். நியூயார்க் தெருவில் ஷினேட்டின் இசைத்தட்டுகளை ரோடு ரோலர் விட்டு நசுக்கினார்கள்.

அப்புறம் என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியும். பதின்பருவத்தில் ஒன்றரை வருடம் போல ஷினேட்டை விட்டிருந்த இல்லம் டப்ளினில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஹை பார்க் வளாகத்தில் இருந்தது. நீங்கள் கூச்சலிட்டதற்கு மறு வருடம் அந்த இடத்தின் ஒரு பகுதியை விற்று, புதைத்தவர்களைத் தோண்டி எடுத்தபோது 155 பெண்களின் எச்சங்கள் கிடைத்தன. கணக்கில் இருந்தவர்களைவிட அதிகம். 2002-ல் உங்கள் நாட்டிலேயே 'பாஸ்டன் குளோப்' நாளிதழ், குழந்தைகளிடம் பாதிரியார்கள் செய்த குற்றங்களை வெளியே கொண்டுவந்தது. அயர்லாந்தில் திருச்சபை நடத்திய இல்லங்களில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளை விசாரித்த ரயன் அறிக்கை 2009-ல் வந்தது.

ஆக, ஷினேட் சொன்னது சரிதான் என்று நிரூபிப்பதற்காக நான் எழுதவில்லை. 2023 ஜூலை 26-ல் அவர் லண்டனில் இறந்ததிலிருந்து எல்லோரும் அதைச் சொல்லிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது வாய் திறக்காதவர்களும் சொன்னார்கள். அவரைத் தேவதையாக்கவும் எனக்கு விருப்பமில்லை. இன்று ஒன்று சொல்லி நாளை மாற்றிக்கொள்வார். 2018-ல் இஸ்லாத்தில் சேர்ந்த சூட்டோடு முஸ்லிம் அல்லாதவர்களைப் பற்றி மோசமாக எழுதி, பிறகு மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தலைவலியாகவும் இருந்திருப்பார்.

ரசிகனாக என் குறை வேறு. இந்தச் சண்டையில் அந்தக் குரலைப் பற்றிப் பேசவே ஆள் இல்லை. 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' சரி, உலகத்துக்கே தெரியும். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் எழுதி வேறொரு குழு பாடி யாரும் கவனிக்காத பாட்டு அது. 1990-ல் இவர் பாடிய பிறகு இவருடைய பாட்டாகிவிட்டது. அதே தொகுப்பில் 'ஐ ஆம் ஸ்ட்ரெச்ட் ஆன் யுவர் கிரேவ்' இருக்கிறது. பழைய ஐரிஷ் கவிதை ஒன்றின் ஆங்கில வடிவம். காதலியின் கல்லறைமேல் படுத்துக்கொண்டு ஒருவன் புலம்புவது, நம்மூர் ஒப்பாரி மாதிரி. அதற்கு அடியில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் குழுவின் டிரம் தாளத்தை ஓடவிட்டிருக்கிறார். துக்கம் ஒரு பக்கம் இழுக்கிறது, தாளம் தன் பாட்டுக்கு நடக்கிறது. நடுவில் குரல் அழுவதே இல்லை. சுருதியை இம்மியும் விடாமல் சொல்லிக்கொண்டே போகிறது. கடைசியில் பிடில் புகுந்து ஆட்டத்துக்கே கூப்பிடுகிறது. இருபத்து மூன்று வயதில் இப்படி ஒரு கணக்கு! முடியை வளர்த்து, குட்டைப் பாவாடை போடச் சொன்ன நிறுவனத்தாரை மீறி மொட்டை அடித்துக்கொண்டவருக்கு, பாட்டில் எதை எங்கே வைப்பது என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்தக் குரலில் அன்று நீங்கள் கேட்டிருக்க வேண்டியது டிலனின் 'ஐ பிலீவ் இன் யூ'. 1979-ல் அவர் கிறிஸ்தவராக மாறியிருந்த காலத்துப் பாட்டு. நம்பிக்கைக்காக ஊரே வெறுத்து ஒதுக்கினாலும் விடமாட்டேன் என்கிற ஒருவனுடைய பாட்டு. அதைப் பாட வந்த விசுவாசியைத்தான் பாட விடாமல் அடித்தீர்கள். அதுவும் எதிர்ப்புப் பாட்டுகளால் பெயர் பெற்ற ஒருவரின் விழாவில்!

வாத்தியக்காரர்கள் தொடங்கப் பார்த்தார்கள், ஷினேட் கை காட்டி நிறுத்தினார். கைகளைத் தொங்கவிட்டபடி அப்படியே நின்றார். பாடகர் கிரிஸ் கிரிஸ்டோஃபர்சன் அருகில் வந்து, இவர்களுக்காக மனம் உடையாதே என்று காதில் சொல்ல, உடையவில்லை என்றார். பிறகு அதே 'வார்' பாட்டை, மெட்டைக்கூட விட்டுவிட்டு, உங்கள் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கிய பிறகுதான் கிரிஸ்டோஃபர்சனின் தோளில் அழுதார். மறு வருடம் வந்த கச்சேரித் தொகுப்பில் அவரைச் சேர்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, கேட்டு வாங்கிக்கொள்ள அவரும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். 2014-ல் அந்தக் கச்சேரித் தொகுப்பை மறுபடி வெளியிட்டபோது, ஒத்திகையில் ஷினேட் பாடிய 'ஐ பிலீவ் இன் யூ' பதிவைச் சேர்த்திருக்கிறார்கள். கூட்டம் இல்லை, கூச்சல் இல்லை. தேடிக் கேளுங்கள். அன்று நீங்கள் கொடுத்த டிக்கெட் காசில் அந்தப் பாட்டும் அடக்கம்.

இப்படிக்கு,
ஷினேட்டின் ரசிகன்