கம்பனி திருப்பி அழைத்த, குழந்தையின் மூச்சு மிசினுக்கு மாற்று கோரும் மனு

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விடயமாகச் சுகாதாரப் பணிமனை ஒன்றுக்கு எழுதிய கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. பதிவுத் தபால் துண்டுகள்தான் கையில் மிச்சம். ஆகவே தங்களை நாடுகிறோம்.

1. குறைமாதத்தில் பிறந்த எங்கள் மகன், வைத்தியரின் ஆலோசனைப்படி, இரவில் மிசின் உதவியோடு மூச்சு விடுகிறான். வெளிநாட்டு உறவினர் வாங்கி அனுப்பிய பாவித்த மிசின் அது. இந்த வகை மிசின் அலாரம் அடிக்காமலே நின்றுபோகலாம் என்று, பாவிப்பவர்களிடமிருந்து மீளப் பெற கம்பனி திருப்பி அழைத்திருக்கிறது. அறிவித்தல் போனது முதலில் வைத்திருந்தவரின் விலாசத்துக்கு. எங்களுக்கு யார் சொல்வது?

2. வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரை தாங்கள் அறியாத இடமல்ல. மாரியில் வெள்ளம் வீதிக்கு மேலால் பாயும். கரண்ட் போனால் வரும் நேரம் ஒருவருக்கும் தெரியாது. யானைப் பயத்தில் இரவில் ஆட்டோக்காரர் வரமாட்டார். மண்முனைப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பிள்ளை தாங்குமா? அதனால் நானும் கணவரும் மாமியும் முறைவைத்து விழித்திருக்கிறோம். தகரக் கூரையில் மழை விழுந்தால் மிசின் ஓடுகிற சத்தமே கேட்காது. பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தபடியே இருக்க வேண்டும். கை ஏறி இறங்கினால் சரி. ஒருநாள் மாமி இருந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். அதன்பிறகு அவர் படுக்கவே பயப்படுகிறார். விடிந்ததும் கணவர் அந்தத் தூக்கக் கண்ணோடுதான் வயலுக்குப் போகிறார். அலாரம் செய்ய வேண்டிய வேலையை நாங்கள் செய்கிறோம் ஐயா.

3. "பிரச்சினை என்றால் பாவிக்காதீங்க" என்று கவுண்டரில் ஒருவர் சொன்னார். பாவிக்காமல் என்ன செய்வது? 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பனி, உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு சிதைவதால் தன் சுவாச மிசின்களைத் திருப்பி அழைத்தது. அது வேறு பழுதுதான். ஆனால் அப்போதுகூட, உயிர்காக்கும் வெண்டிலேட்டரில் இருப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றுதான் அறிவுறுத்தினார்கள். வெப்பமும் ஈரப்பதனும் கூடினால் அந்தப் பஞ்சு இன்னும் மோசமாகும் என்றும் சொன்னார்கள். எங்கள் ஊர் வெக்கையைத் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படித் திருப்பி அழைக்கப்பட்ட மிசின் இந்த மாவட்டத்தில் எந்த வீட்டில் ஓடுகிறது என்று யாரிடமாவது பட்டியல் இருக்கிறதா?

4. அந்தப் பட்டியலை எடுக்கச் செய்யுங்கள்.

5. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. மருத்துவ உபகரணங்களும் அதன் பொறுப்பில்தான் வருகின்றன. இப்படியான அறிவித்தல்கள் தமிழில் எங்கள் குடும்பநல உத்தியோகத்தரின் கைக்கு வர வழிசெய்யுங்கள். அவர் மாதாமாதம் வீட்டுக்கு வருகிறவர். பிள்ளையின் நிறையைப் பார்க்கிறவருக்கு மிசினின் இலக்கத்தைப் பார்ப்பது பெரிய வேலையா?

6. மாற்று மிசினைத் தந்துவிட்டுப் பழையதை எடுங்கள். முதலில் எடுத்துக்கொண்டு போய்விட்டு, அப்புறம் கொட்டேஷன், கூட்டம் என்று எங்களைக் காக்க வைக்காதீர்கள். கடனாகத் தந்தாலும் போதும், திருப்பித் தருவோம்.

மிசினின் தொடர் இலக்கமும் கிளினிக் கொப்பியின் பிரதியும் இணைத்துள்ளோம். தயவுசெய்து மாரி தொடங்குமுன் ஒரு மாற்று மிசின் தாருங்கள் ஐயா. முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்,
படுவான்கரை.