இளையோர் பேச இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இளைஞர்கள் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகுகிறார்கள் என்று வருந்துவோர் அவர்களிடமே காரணம் கேட்டதுண்டா? 2018 அக்டோபரில் இளையோரைப் பற்றி வத்திக்கானில் கூடிய ஆயர் மாமன்றத்தில் (பல நாட்டு பிஷப்புகள் கூடி ஆலோசிக்கும் கூட்டத்தில்) இளைஞர்கள் பேசினார்கள்; வாக்குரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. 2023-இல்தான் பொதுநிலையினர் (குருக்களோ துறவியரோ அல்லாதோர்) சிலருக்கு, இளையோர் உட்பட, அந்த உரிமை கிடைத்தது.

எங்கள் பங்குப் பேரவையின், அதாவது எங்கள் ஊர்க் கோயிலுக்கான ஆலோசனைக் குழுவின், கூட்டமொன்றில், எழுதி வைத்திருந்த தாளுடன் எழுந்த கல்லூரி மாணவி ஒருவர், பாடற்குழுவுக்கும் நாற்காலி அடுக்கவும் மட்டுமே தங்களை அழைப்பது ஏன் என்று கேட்டு முடிக்குமுன், நேரமாகிவிட்டதென்று இறுதிச் செபம் தொடங்கப்பட்டது. அவர் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அங்கிருந்த பெரியவர்களில் ஒருவனான நானும் வாய்திறக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. ஒவ்வொரு பங்குப் பேரவையிலும் இளையோருக்கு உறுப்பினர் இடங்களை ஒதுக்கி, அவர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு அடுத்த கூட்டத்திலேயே எழுத்தில் பதில் தர வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்